பூனையைப் பார்க்கவா விமானம் ஏறுவார்கள்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கான வணக்கத்தை இறுதியில் சொல்கிறேன், அதை ஏற்கும் மனநிலையில் அவர்கள் அப்போதும் இருந்தால்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நடப்பவர் மனத்தில் நிற்பது பெருஞ்சிலையா, சிறுசிலையா என்பது தலைப்பு. பெருஞ்சிலைக்காக வாதாடிய நண்பர், சிங்கத் தலையும் மீன் உடலுமாக நீர் கக்கும் மெர்லயன் சிலையின் உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன் என்று தராசில் நிறுத்துக் காட்டிவிட்டு, எங்கள் அணியைப் பார்த்து, “பூனைப் பொம்மையைப் பார்க்கவா மனிதன் விமானம் ஏறி வருகிறான்?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். வேறு வாதங்களோடுதான் வந்தேன். ஆனால் என் நேரத்தை அந்தப் பூனைக்கே எழுதி வைப்பதென்று இப்போது முடிவு செய்துவிட்டேன்.

நண்பரே, விமானம் ஏறி வருகிறவர் உங்கள் மெர்லயனைப் பார்க்கிறாரா? அதற்கு முதுகைக் காட்டி நின்று, அது கக்கும் நீரைத் தாம் குடிப்பதுபோல் வாயைப் பிளந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். உயரம் உயரம் என்கிறீர்கள்; 2009 பிப்ரவரியில் இடி தேடி வந்து விழுந்ததும் அந்த உயரமான தலையில்தான். எங்கள் பூனையின் தலையில் இதுவரை இடி விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன்: அந்தச் சிங்கத்தைச் செய்த சிற்பி லிம் நாங் செங், 2 மீட்டர் உயரத்தில் ஒரு குட்டி மெர்லயனையும் செய்தாரே, அது எந்த அணி?

இனிப் பூனைக்கு வருகிறேன். கேவனா பாலத்தின் அருகே ஒரு வெண்கலப் பூனைக் குடும்பம் இருக்கிறது. சாக்கடைகளில் திரிந்ததால் ‘சாக்கடைப் பூனை’ என்று பெயர் வாங்கிய சிங்கப்பூரா இனப் பூனைக்குக் ‘குசிந்தா’ என்று செல்லப்பெயர் சூட்டி, ஆற்றங்கரையில் குடிவைத்திருக்கிறார்கள். ஆடுமாடுகளும் குதிரைகளும் இப்பாலத்தில் போகக் கூடாது என்று பழைய அறிவிப்புப் பலகை ஒன்று அங்கே இன்றும் இருக்கிறது; பூனையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வயதாக இருந்த என் மகள், அந்தப் பூனைகளைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று அடம்பிடித்துத் தன் தாத்தாவை இழுத்துக்கொண்டு போனாள். என் அப்பா பாலத்தின் தூண்களைச் சுற்றி வந்தார். செடிகளை விலக்கிப் பார்த்தார். ஒரு கட்டத்தில், வெண்கலப் பூனை என்பதையே மறந்து, “மியாவ், மியாவ்” என்று அழைத்தும் பார்த்தார். ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று, என்ன காணாமற்போனது என்று விசாரித்துவிட்டுத் தாமும் தேடலானார். கடைசியில் அப்பா களைத்து உட்கார்ந்து, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது, காலடியில் பூனை! வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, தேடியது அரை மணி நேரம், உதவியவர் ஒருவர். மறுநாள் அத்தையிடம் சொன்னபோது ஒரு மணி நேரம், மூவர். தீபாவளிக்கு வந்த உறவினரிடம் சொன்னபோது, ஒரு சுற்றுலாப் பேருந்தே இறங்கித் தேடியது. பூனையைத் தேடிய அன்று அப்பா மெர்லயனையும் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எந்தத் தீபாவளிக்கும் அவர் சொன்னதில்லை.

பூனைகளைத் தாண்டிச் சற்று நடந்தால், ஆற்றில் குதிக்கும் ஐந்து வெண்கலச் சிறுவர்கள். சொங் ஃபா சியோங் 2000ஆம் ஆண்டு செய்த சிற்பம். ஆளுயரச் சிலையைச் சிறுசிலைக் கணக்கில் சேர்க்கிறானே என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. பீடமும் வேலியும் இல்லாமல், நடப்பவரோடு ஒரே தரையில் நிற்பதால் சேர்க்கிறேன்.

அப்பா அந்தக் கரையில் வளர்ந்தவர். தொங்கான் எனும் சரக்குப் படகுகள் நெருக்கியடித்து நின்ற, நாற்றம் பிடித்த பழைய ஆற்றில், வீட்டுக்குத் தெரியாமல் குதித்துக் குளித்துவிட்டு, ஈர முடியால் மாட்டிக்கொண்டு அடி வாங்கியவர். 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆற்றைத் தூய்மைப்படுத்தினார்கள். 1983இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். அதன்பின், பேத்தி இழுத்துக்கொண்டு போகும்வரை, அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. அன்று அந்தச் சிறுவர்களின் முன்னால் நெடுநேரம் நின்றார். விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு என் மகளிடம், “ஒருத்தன் குறையுதம்மா, நாங்க ஆறு பேரு” என்றார்.

அப்பா இப்போது இல்லை. என் மகளுக்கு வயது பதினாறு. சென்ற மாதம் அந்த வழியாக நடந்தபோது, சிறுவர்கள் எத்தனை பேர் என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆறு” என்றாள்.

எதிரணிக்கு வணக்கம்.