கோமாளி வசைச்சொல் அல்ல

நடுவர் அவர்களே, மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

"பிள்ளையைத் திட்டும்போது 'என்னடா கோமாளித்தனம் பண்றே' என்கிறோம். அப்புறம் அது வசை இல்லாமல் என்ன?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே நாம் சொல்ல வருவது அசட்டுத்தனத்தை. அதற்கு வேறு சொல்லா இல்லை? கிறுக்குத்தனம், பேக்குத்தனம், லூசுத்தனம் என்று நம் தெருவிலேயே எத்தனையோ புழங்குகின்றன. அசடனுக்குத் தான் செய்வது இன்னதென்று தெரியாது. கோமாளி தெரிந்தே விழுவார், தெரிந்தே உளறுவார். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைப்பது ஒரு தொழிலுக்குச் செய்கிற அநியாயம்.

நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் போடுகிற ஸ்பெஷல் நாடகத்தில் கோமாளிக்குப் பெயர் பபூன். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான், ஆனால் மேலூர்ப் பக்கத்துக் கிழவிக்கும் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் போட்டாலும், முருகனுக்கும் வள்ளிக்கும் முன்னால் மேடைக்கு வருகிறவர் பபூன். விடிய விடிய உட்காரவேண்டிய கூட்டத்தை ராத்திரி பத்து மணிக்குப் பிடித்து நிறுத்துவது அவர் பொறுப்பு. ஒத்திகை கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள்; பல நாள் மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

எங்கள் ஊர் முத்தாலம்மன் திருவிழாவில் ஒருமுறை, உட்காரும் இடத்துக்காக இரண்டு தெருக்காரர்கள் கம்பெடுத்துவிட்டார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நானும் சாக்கு விரிப்பிலிருந்து எழுந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பபூன் பாட்டை நிறுத்தினார். துண்டை இடது தோளில் போட்டு ஒரு தெருக்காரராகவும், வலது தோளுக்கு மாற்றி அடுத்த தெருக்காரராகவும் அதே சண்டையை மேடையில் போட்டார். ஆர்மோனியக்காரர் புரிந்துகொண்டு பின்னாலேயே வாசித்தார். முதலில் சிரித்தது கம்பு வைத்திருந்தவர். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நாட்டாமை கத்தியும் அடங்காத சண்டை அது, நடுவர் அவர்களே! அந்த ராத்திரி அந்த மனிதர் செய்ததற்குப் பெயர் கோமாளித்தனம். அதே சொல்லையா வசை என்கிறீர்கள்?

நாடக மேடையில் சிரிக்கவைத்துவிட்டுத் திரைக்குப் போன என்.எஸ். கிருஷ்ணனுக்கு இந்த நாடு கலைவாணர் என்று பட்டம் கொடுத்தது. விவரம் இல்லாதவருக்கா கொடுத்தது?

விடிந்ததும் அந்தப் பபூன் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, தகரப்பெட்டியோடு முதல் பஸ்ஸுக்கு நடந்தார். ராத்திரி கம்பெடுத்த அதே ஆள் டீக்கடை வாசலில் எழுந்து நின்று கூப்பிட்டார்: "பபூன் அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே."