மொரீஷியஸில் ஒரு நாடாளுமன்ற சீட் காலி! வேட்பாளரை எங்கே தேடுறாங்க? அந்த ஒரு கட்டத்துலதான் எல்லாம் இருக்கு

[திரையில்: வெறும் வேட்புமனு, ஒரு கட்டம் மட்டும் பெரிசாகுது]

வணக்கம் மக்களே! பொதுத்தேர்தல் வேட்புமனுவுல இருக்குற இந்தக் கட்டத்தைப் பாருங்க. நீங்க எந்தச் சமூகம்னு கேக்குது. நாலே நாலு பதில்தான் செல்லும். இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியன், அப்புறம் ஜெனரல் பாப்புலேஷன். தமிழர்னு எழுத இடமே கிடையாது. எதுவும் எழுதாம விட்டீங்கன்னா மனு தள்ளுபடி!

ஒரு தொகுதியில சீட் காலியாச்சுன்னா, ஜெயிக்கக்கூடிய ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அதுக்கு விடை இந்தக் கட்டத்துலதான் தொடங்குது.

பின்னணியைச் சட்டுனு முடிச்சுடுவோம். தீவுல 20 தொகுதி, ஒவ்வொண்ணுக்கும் 3 உறுப்பினர். ரொட்ரீக்ஸ் தீவுக்கு 2. மொத்தம் 62. அதுக்கு மேல 8 சீட் வரைக்கும் 'பெஸ்ட் லூசர்'னு, தோத்தவங்கள்ல இருந்து சமூகக் கணக்குப் பார்த்துக் குடுப்பாங்க. நிக்கணும்னா 18 வயசு ஆகியிருக்கணும். மொத்தமா 2 வருஷம், அதுலயும் மனுப் போடுறதுக்கு முன்னாடி 6 மாசம் தொடர்ந்து இங்க இருந்திருக்கணும். சபையில கலந்துக்கிற அளவுக்கு இங்கிலீஷ் பேசவும் படிக்கவும் தெரிஞ்சிருக்கணும். வீட்டுலயும் கடையிலயும் கிரியோல் மொழி பேசுற ஊர்ல, தகுதி மட்டும் இங்கிலீஷ். கோயில் நிர்வாகத்தையே தூக்கி நிறுத்துற எத்தனையோ பெரியம்மாக்கள் இந்த ஒரு வரியில நின்னுபோறாங்க. எனக்கு அது வருத்தம்தான்.

இப்போ கட்டத்துக்கு வருவோம். என்னைத் தூங்கவிடாத விஷயம் இது!

[திரையில்: அரசியல் சாசனத்தின் முதல் அட்டவணை]

1968 சாசனம் என்ன சொல்லுது தெரியுமா? இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியன்னு மூணு சமூகம் இருக்கு. தன்னோட 'வாழ்க்கை முறை'யை வச்சுப் பார்த்தா இந்த மூணுலயும் சேராதவங்க எல்லாரும் நாலாவது சமூகம், அதாவது ஜெனரல் பாப்புலேஷன். வாழ்க்கை முறை! நீங்க எழுதினது தப்புன்னு ஒரு வாக்காளர் நினைச்சா, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். ஒரு நீதிபதி உட்கார்ந்து நீங்க யாருன்னு தீர்மானிப்பாரு. எதை வச்சு அளக்குறது? பேர் தமிழ்ப் பேரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறாரு, தைப்பூசத்தன்னிக்கு அண்ணன் காவடிக்குப் பின்னாலயும் நடக்குறாரு. இவரு எந்தக் கட்டம்? தால் பூரி சாப்பிடுறதை வச்சு முடிவு பண்ணலாம்னா, இந்த ஊர்ல எல்லாருமே ஒரே சமூகம்தான்.

இதைவிட ஆச்சரியம் ஒண்ணு இருக்கு. பெஸ்ட் லூசர் கணக்குக்கு எந்த வருஷத்து மக்கள்தொகை தெரியுமா? 1972! அதுக்கப்புறம் கணக்கெடுப்புல சமூகத்தைக் கேக்குறதையே 1982-ல நிறுத்திட்டாங்க. அதனால இன்னிக்கு 25 வயசுப் பிள்ளை நின்னாலும், தாத்தா காலத்துத் தலைக்கணக்குலதான் அவனை நிறுத்துப் பார்க்குறாங்க. புதுக் கணக்கே இல்லாம சமூகத்தைச் சொல்லுன்னு கட்டாயப்படுத்துறது உரிமை மீறல்னு ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-ல சொல்லிடுச்சு. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமா விலக்குக் குடுத்தாங்க. அப்புறம் கட்டம் திரும்பி வந்துடுச்சு.

[திரையில்: ரூபாய் நோட்டு]

1998 ஞாபகம் இருக்கா? மொரீஷியஸோட புது ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இந்திக்குக் கீழ இறங்கிடுச்சு. நம்ம ஆளுங்க கொதிச்சு எழுந்தாங்க, அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கவேண்டியதாச்சு. நோட்டுல ஒரு வரி கீழ போனதுக்கு அவ்வளவு கோபம் வந்துச்சு. வேட்புமனுவுல நமக்கு வரியே இல்லை, இந்துங்கிற கட்டத்துக்குள்ள கரைஞ்சுபோறோம். ஆனா எனக்கு அஞ்சாவதா ஒரு கட்டம் வேண்டாம் மக்களே. கட்டமே வேண்டாம். கட்டம் இருக்குற வரைக்கும் கட்சி ஆளைத் தேடாது, கட்டத்துக்குள்ள உட்கார ஒருத்தரைத்தான் தேடும்.

எப்படின்னு கேளுங்க. பொதுத்தேர்தல்ல நமக்கு மூணு ஓட்டு. மூணையும் போட்டாகணும்; ரெண்டு போட்டாலும் நாலு போட்டாலும் சீட்டு செல்லாது. அதனால கட்சிங்க தனி ஆளா நிறுத்துறதில்லை, மூணு பேர் கொண்ட அணியா நிறுத்துவாங்க. இந்தத் தொகுதிக்கு இவங்க ரெண்டு பேரு, மூணாவதா ஒரு தமிழர் போடலாமான்னு பேச்சு ஓடும். 'ப்ளாக் வோட்' போடுங்க, அதாவது மூணு ஓட்டையும் ஒரே அணிக்கே போடுங்கன்னு பிரச்சாரம். எங்க ஊரு காத்ர் போர்ன்ல எங்க அத்தை ஓட்டுப் போடக் கிளம்புறப்போ ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு கேப்பாங்க: "ரெண்டு பேரைத் தெரியும்ப்பா, மூணாவது யாரு?" கடைசியில சாவி, இதயம், சூரியன்னு கட்சிச் சின்னத்தைப் பார்த்துக் கிராஸ் போட்டுட்டு வருவாங்க. அலை அடிச்சா மூணு பேரும் சேர்ந்தே உள்ள போயிடுவாங்க. 1982, 1995, 2024, மூணு தடவை பெரிய தீவோட 60 சீட்டும் ஒரே அணிக்குப் போச்சு!

இடைத்தேர்தல் வந்தா கதையே வேற. ஒரே சீட், ஒரே ஓட்டு. ஆளு தெரிஞ்சுடும்.

1970-ஐப் பாருங்க. எம்.எம்.எம். கட்சி தொடங்கி ஒரு வருஷம்தான். இடைத்தேர்தல் வந்தது பிரதமர் சிவசாகர் ராம்கூலத்தோட சொந்தத் தொகுதியான திரியோலே பக்கம். எம்.எம்.எம். நிறுத்துனது 28 வயசு தேவ் விராசாமியை, பின்னாடி கிரியோல் மொழிக்காகவே வாழ்ந்த எழுத்தாளர். ஜெயிச்சுட்டாரு!

அடுத்து எங்க ஊரு காத்ர் போர்ன் இருக்குற 18-ஆம் தொகுதி, 2017. மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் திட்டத்தை எதிர்த்து, தொகுதி உறுப்பினர் ரோஷி பதாயின் பதவியை விட்டுட்டு, அதே சீட்டுக்குத் திரும்ப நின்னாரு. அப்போ ஆளுங்கட்சியா இருந்த எம்.எஸ்.எம். ஆளையே நிறுத்தலை. லேபர் கட்சி யாரைக் கொண்டுவந்துச்சு? ஆர்வின் பூலெல். 2014-ல தெற்குல தன்னோட பழைய தொகுதியிலயே தோத்தவரு! ஊருக்கு வெளியாளு, தோத்த ஆளு. காகிதத்துல பார்த்தா யாரும் தேர்ந்தெடுக்க மாட்டாங்க. ஆனா டாக்டர், பழைய அமைச்சர், மூஞ்சி எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 17-ல ஜெயிச்சாரு. 2019-லயும் அதே தொகுதி அவரை விடலை.

அந்த டிசம்பர்ல எங்க அத்தை வாசல்ல நின்னு கேக்கலை. "ஒரே கிராஸ்தானே, ஆளைப் பார்க்காம எப்படிப் போடுறது?"ன்னு பையைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனாங்க. அங்க ஒரு வேட்பாளர் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு வந்தாரு. அத்தை அவரை வெங்காயக் கடை ஓரமா நிறுத்தி, மழை பேஞ்சா எங்க தெருவுல ஏன் தண்ணி நிக்குதுன்னு கேட்டாங்க. கூட வந்த ஏஜென்ட்டு இழுத்துட்டுப் போகப் பார்த்தாரு. அவரு நின்னு, சட்டைப் பையில இருந்து சின்ன நோட்டை எடுத்துத் தெருப் பேரை எழுதிக்கிட்டாரு. அத்தை யாருக்குப் போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

உங்க தொகுதியில சீட் காலியானா யாரை நிறுத்துவீங்க? கீழ எழுதுங்க. பேரு வேண்டாம், கட்டமும் வேண்டாம். அவங்க என்ன செஞ்சதை நீங்க கண்ணால பார்த்தீங்கன்னு மட்டும் எழுதுங்க. ஒவ்வொண்ணையும் நான் படிப்பேன்.