அரை சதுர மீட்டர் ஜன்னல்

எல்லாருக்கும் வணக்கம். வருஷக் கடைசிச் சந்திப்பில் வாசிக்கிறவர்கள் பக்கமிருந்து இல்லாமல் கேட்கிறவர்கள் பக்கமிருந்து ஒருவர் பேசட்டும் என்று சொன்னார்கள். பன்னிரண்டு மாதமாக இந்த அறையில், மைக் இல்லாமல் ஒலிபெருக்கி இல்லாமல் நடந்த கச்சேரிகளில் ஒன்றிரண்டு தவிர எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எனக்கு இந்த வருஷம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கூட்டம் நிரம்பி வழிந்த நாள் இல்லை. மழை கொட்டின அந்தச் சாயங்காலம்தான். நாற்பது நாற்காலி போட்டிருந்தது, வந்தது ஏழு பேர். கிடார் வாசிக்க வந்தவர் முதல் பாட்டைத் தொடங்கி நாலைந்து வரி போனதும் நிறுத்திவிட்டார். ஆள் குறைவு என்று மனசு விட்டுப்போச்சோ என்று நினைத்தோம். அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், ஒற்றைத் தந்தியை ஒருமுறை தட்டினார், அது முழுக்க அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார், அப்புறம் அதே பாட்டை வேறு வேகத்தில் தொடங்கினார். முன்னைவிட மெதுவாக. ஒரு சுரம் சுவரைத் தொட்டுத் திரும்பி வர இடம் கொடுத்து அதற்குப் பிறகே அடுத்ததைத் தொட்டார். அதே மனிதர் அதே பாட்டை அதற்கு முந்தின மாதம் இங்கேயே வாசித்தார், அறை நிறைய ஆள் இருந்தது, விறுவிறுவென்று போனது. இரண்டும் ஒரே பாட்டு என்று சொல்ல மனசு வரவில்லை.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோதுதான் வாலஸ் சபைன் கதை கிடைத்தது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டின ஒரு கூடத்தில் பாடம் நடத்தினால் யாருக்கும் புரியவில்லை, ஒரு சொல் அடங்குவதற்கு ஐந்தரை விநாடி பிடிக்கிறது, அதற்குள் அடுத்த பத்துச் சொல் அதன்மேல் ஏறிவிடுகிறது. இதைச் சரிபண்ணு என்று அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இந்த இளைஞரிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்தது ஒரு ஆர்கன் குழாய், நேரம் குறிக்க ஒரு கருவி, தன் காது. ஊர் அடங்கின ராத்திரியில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்குவார், குழாயை ஊதி நிறுத்துவார், ஒலி எப்போது மறைகிறது என்று குறிப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக்கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் போட்ட கணக்கில் எழுந்ததுதான், உலகத்தின் நல்ல கச்சேரி மண்டபங்களைச் சொல்லும்போது இன்றைக்கும் அதன் பெயர் வருகிறது.

எனக்குப் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல். திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராது இல்லையா, அதனால் எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதை இத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று சொன்னார். ஆட்களையும் உட்காரவைத்து அளந்தார். ஒரு ஆள் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் ஜன்னல்.

நாம் இருக்கும் இந்த அறைக்கு அதைப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர் வந்தால் இருபது சதுர மீட்டர் சுவரைப் பெயர்த்து எடுத்த மாதிரி. ஏழு பேர் என்றால் மூன்றரை. வாசிக்கிறவர் கைக்கு இது உடனே தெரிந்துவிடுகிறது. நாம் கைதட்டத் தொடங்குவதற்கு முன்னாலேயே, நாற்காலியில் வந்து உட்கார்ந்த அந்த நிமிஷத்திலேயே, அன்றைய பாட்டின் வேகத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. சும்மா கேட்க வந்தவன் என்று இனிமேல் என்னால் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த வருஷம் வேறொரு இடத்தில், முப்பது பேர்கூட இல்லாத ஒரு சின்னக் கூடத்தில், பாடகர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மைக் வைத்தார்கள். அவர் வாய் நடுவில் அசைகிறது, குரல் இரண்டு ஓரத்துப் பெட்டிகளிலிருந்து வருகிறது. கண்ணை மூடிக்கொண்டால் அவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. நான் மைக்குக்கு விரோதி இல்லை. கிசுகிசுக்கிற குரலிலும் ஆயிரம் பேருக்குப் பாடலாம் என்று ஆனதே அதனால்தான், அது பெரிய கொடை. ஆனால் ஒரு குரல் பத்தடி தூரத்தில் தானாகவே வந்து சேரும்போது அதை எதற்காகச் சுற்றுவழியில் அனுப்ப வேண்டும்?

அந்தப் பத்தடியில் என்னென்ன கேட்கிறது! சுற்றுக்கம்பித் தந்தியில் விரல் சறுக்கும்போது வரும் அந்தக் கீச்சு. வில்லைத் தந்தியில் வைப்பதற்கு ஒரு கணம் முன்னால் வயலின்காரர் இழுக்கிற மூச்சு, அதைக் கேட்டாலே என்ன காலத்தில் வரப்போகிறார் என்று தெரிந்துவிடும். குழலில் சுரத்துக்கு முன்னால் வருகிற காற்று. பெட்டிமேல் உட்கார்ந்து தட்டுகிற கஹோன்காரர், சத்தம் கூடிவிடக் கூடாது என்று உள்ளங்கையை விட்டுவிட்டு விரல்நுனியால் மட்டும் தட்டினது. இதெல்லாம் கேட்கவேண்டும் என்றுதான் தொடங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் எழுந்துபோய் மின்விசிறியை அணைக்கிறார். அது நின்றதும் அறை சட்டென்று ஆழமாகிற மாதிரி இருக்குமே, அந்த இடத்துக்காகவே நான் வருவேன்.

மழைநாளில் சுருதி சேர்க்க நேரமானதற்கு மன்னிப்புக் கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எஃகுத் தந்தி கிடாரில் ஆறு தந்தியும் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு இழுக்கின்றன, தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் பலகை. ஈரம் ஏறினால் மரம் உப்பும், சுருதி நகரும், வயலினில் தந்தியை முறுக்குகிற பிருடை இறுகிக்கொண்டு திரும்பமாட்டேன் என்னும். நீங்கள் பொறுமையாகச் சேர்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷங்களில் யாரும் கைபேசியை எடுக்கவில்லை, நான் கவனித்தேன். நாங்கள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

சரி, அடுத்த வருஷத்துக்கு ஒரே ஒரு யோசனை. பின்சுவரில் தொங்குகிற அந்தத் தடித்த திரைச்சீலையை, ஆள் நிறைய வருகிற நாளில் மட்டும் சுருட்டி மேலே கட்டிவிடலாம். நிறைந்த நாள்களில் ஒலி சீக்கிரம் வறண்டுபோகிறது என்று மூன்று பேராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே கட்டியும் அவிழ்த்தும் கைதட்டிக் கேட்டுப் பார்த்துவிடுவோம். அன்றைக்கு அரைமணி முன்னதாக வாருங்கள், ஏணி பிடிக்க ஒருவர், நாற்காலி போட நாலு பேர் வேண்டும்.