பாம்பன் பாலத்துக்கு விழா எடுக்கும்போது எதை வரைவது?

பெரியவர்களுக்கும், அச்சகம் நடத்தும் நண்பர்களுக்கும், டிசைன் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், படகு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

பாம்பன் பாலத்தின் கட்டுமானத்தைப் பற்றிப் பேச இன்ஜினியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போஸ்டர் போடுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசப் போகிறேன். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த ரயில் பாலத்துக்கு 2039இல் 125 வயது ஆகும். 1988 அக்டோபர் 2 அன்று திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலத்துக்கு அதற்கு முந்தின வருஷம் 50. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புது ரயில் பாலத்துக்கும் பத்து, இருபத்தைந்து என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும். விழா எப்படியும் எடுப்போம். அன்றைக்கு மண்டபம் ஊரிலிருந்து ராமேஸ்வரம் வரை எதை ஒட்டப் போகிறோம், எதைத் தொங்கவிடப் போகிறோம் என்பதுதான் என் கவலை.

பாலத்தின் விழாவுக்குப் போடும் லோகோவை இந்தக் கரையில் பிறந்த ஒரு பிள்ளை, பார்க்காமல் மணலில் வரைந்துகாட்ட முடிய வேண்டும். வரைய முடியவில்லை என்றால், எவ்வளவு அழகான டிசைனாக இருந்தாலும் அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இது நடக்குமா என்று கேட்பவர்கள் பாம்பன் துறைமுகக் கொடிமரத்தைப் பாருங்கள். புயல் சின்னம் உருவானால் அங்கே கூண்டு ஏற்றுகிறார்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 முதல் 11 வரை எண்கள். ‘மூணாம் நம்பர் கூண்டு ஏறிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று ஊரே முடிவு எடுத்துவிடும். அதில் எழுத்து கிடையாது, படம் கிடையாது. வெறும் உருவமும் எண்ணிக்கையும்தான். மழையிலும் காற்றிலும் தூரத்தில் இருந்து உயிரைக் காக்கும் செய்தியைச் சொல்கிறது. நம் கடற்கரையில் இருப்பதிலேயே சிறந்த கிராஃபிக் டிசைன் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதை வாசிக்கத் தெரிந்த மக்களுக்குத்தான் நாம் லோகோ போடப் போகிறோம்.

சரி, எந்த உருவம்? முதலில் பழைய ரயில் பாலம். அதில் ரயில் ஓடிய நாட்களில் மூன்று பேர் அதை மூன்று விதமாகப் பார்த்தார்கள். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தவர் மேலேயிருந்து பார்த்தார். கடலோடு ஒட்டிப் போகும் ஒரு கோடு, அதன்மேல் ரயில். உலகம் முழுக்கப் போன புகைப்படம் இதுதான். ரயிலில் உட்கார்ந்து போனவருக்குப் பாலமே தெரியாது; ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும்தான். மூன்றாவது ஆள் படகில் இருந்தவர். அவர் கீழேயிருந்து பார்த்தார். நடுவில் இரண்டு இரும்புக் கைகள் வானத்தைப் பார்த்துத் தூக்கி நின்றன, அவற்றின் இடையில் அவருக்கு வழி. பெண்கடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாவிலிருந்து ஆண்கடலான மன்னார் வளைகுடாவுக்குப் போகிற வழி அது.

நான் படகுக்காரர் பார்வையைத்தான் எடுப்பேன். தூக்குப்பாலம் மூடியிருக்கும்போது அது மற்றப் பாலங்களைப் போல ஒரு பாலம். திறந்தால்தான் அது பாம்பன். அமெரிக்க இன்ஜினியர் ஷெர்சர் கண்டுபிடித்த முறை அது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு இறக்கை. அதன் அடிப்பாகம் வளைந்திருக்கும், எதிர் எடை பின்னால் இருக்கும். இறக்கை அந்த வளைவின்மேல் உருண்டு பின்பக்கமாகச் சாய்ந்து மேலே எழும். ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். வரைவதற்கும் சுலபம்: கீழே ஒரு கோடு, நடுவில் இடைவெளி, இரண்டு பக்கமும் வெளிப்புறமாகச் சாய்ந்த இரண்டு கோடுகள். நாலு வயதுப் பிள்ளையும் போட்டுவிடும்.

புதுப் பாலத்துக்கு விழா எடுத்தால் இந்த உருவத்தைப் போடக்கூடாது. அது செங்குத்தாக எழும் பாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே கண், அதாவது ஒரே பாலத்துண்டு, 17 மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. அதற்கு அதன் உருவம், பழையதற்குப் பழையது. சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடி, முதலில் வரும் படத்தை இறக்கி, சாலைப் பாலத்தை ரயில் பாலம் என்று போடுகிறார்கள். புதுப் பாலத்தின் கோபுரத்தைப் போட்டு ‘1914’ என்று எழுதுகிறார்கள். வேறு நாட்டுத் தொங்குபாலத்தின் நிழலுருவம்கூட நம் பாலத்தின் பெயரோடு வந்துவிடுகிறது. பக்கத்தில் இருபது நிமிடப் பயணத்தில் பாலம் இருக்கிறது தம்பிகளே. போய் உட்கார்ந்து பென்சிலால் வரையுங்கள்.

அடுத்தது, இதை எங்கே போடுவது? முதல் இடம் படகுதான். நம் விசைப்படகுகளில் ‘ஐஎன்டி டிஎன் 10’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பெயிண்டர் கையால் எழுதுகிறார். அந்தத் தூரிகை நமக்கு இருக்கும்போது பெரிய மெஷின் எதற்கு? தகரத்தில் ஒரு ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்தால் போதும். ஒரே நிறம், மூன்று கோடு. படகு, வலைக்கூடம், டீக்கடைச் சுவர், ஐஸ் கம்பெனிக் கதவு என்று எல்லா இடத்திலும் ஒரே நாளில் ஏறிவிடும். லோகோ நல்லதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. கறுப்பு ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் பாலம் தெரிந்தால் சரி. தங்க நிற நிழலும் மின்னலும் போட்டால்தான் தெரிகிறது என்றால் திரும்ப வரையுங்கள்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. கணினித் திரையில் தெரியும் அந்தப் பளிச்சென்ற கடல் நீலம் நாலு நிற அச்சில் வராது. மங்கித்தான் விழும். அதை நம்பி டிசைன் செய்துவிட்டு அச்சகத்தாரைத் திட்டுவதில் பயனில்லை. பாலம் வெள்ளிப் பூச்சு. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கத் திரும்பத் திரும்பப் பூசியது. அந்தச் சாம்பலும் ஒரு கருநீலமும் போதும்.

எழுத்துக்கு வருவோம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தமிழுக்கு நான் அதைவிடக் கூட்டித்தான் வைப்பேன். ‘பாம்பன்’ என்பதில் இரண்டு புள்ளி இருக்கிறது. மெல்லிய அலங்கார எழுத்துருவில் ஐம்பதடி தாண்டினால் புள்ளி மறைந்து ‘பாமபன’ ஆகிவிடும். அப்புறம், அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எந்தக் கணினியிலும் மாறாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். யூனிகோடில் அடித்ததைப் பாமினி என்ற பழைய எழுத்துரு வைத்திருக்கும் கணினியில் திறந்து, ஊர்ப் பெயரே உடைந்து அச்சான அழைப்பிதழ்கள் நம் மாவட்டத்தில் இன்றும் வருகின்றன.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றில் இருபதடி ஃப்ளெக்ஸ் என்ன ஆகும்? 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனது. இங்கே கிழியும் ஒவ்வொரு துண்டும் கடலுக்குப் போகும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அந்தப் பக்கம் பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடல்பசுவுக்காக 2022இல் காப்பகம் அறிவித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று பிளாஸ்டிக்கைப் பறக்கவிட்டு விழா கொண்டாடுவதை என்னால் தாங்க முடியாது. பருத்தித் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுவோம். விழா முடிந்தால் பைகளாகத் தைத்துக்கொள்ளலாம்.

தலைவர்கள் முகம் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இது பாலத்தின் பிறந்தநாள், பாலத்தின் படம் போதும்.

ஆனால் 1964 புயலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் ஆட்களோடு கடலில் போனது. ஊரே போனது. பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கண்கள் அடித்துக்கொண்டு போயின. தூக்குப்பாலம் மட்டும் நின்றது. ரயில்வே இன்ஜினியர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள். விழாக் கண்காட்சியில் 46 நாள் சாதனையைப் பெரிதாகப் போட்டு, அந்த இரவை ஒரு மூலையில் ஒரு வரியாக வைப்பது நியாயமில்லை. அந்தப் பலகையில் லோகோ வேண்டாம், தோரணம் வேண்டாம், விளம்பரதாரர் பெயர் வேண்டாம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, தேதி, நடந்தது. உறவினரை இழந்த குடும்பங்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கின்றன. அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அது அச்சுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் மறக்கும் வேலை: வழிகாட்டிப் பலகை. சான் பிரான்சிஸ்கோவில் 1987இல் கோல்டன் கேட் பாலத்துக்கு ஐம்பதாம் ஆண்டு கொண்டாடினார்கள். மக்கள் நடக்கட்டும் என்று பாலத்தைத் திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் லட்சக்கணக்கில் ஏறி நடுவில் முட்டிக்கொண்டார்கள். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. பாலத்தின் நடுவளைவு பாரத்தில் தட்டையாகிவிட்டது. 2012இல் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு அந்த நடையையே வைக்கவில்லை, கரையோரமாகவே விழாவைப் பரப்பிவிட்டார்கள். நம் சாலைப் பாலமும் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் போகிறது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே ஓரத்தில் வண்டிகளை நிறுத்தி நெருக்கடி ஆகிறது. வண்டி எங்கே நிற்கும், எந்தப் பக்கம் நடப்பது, தண்ணீர், கழிப்பறை, முதலுதவி எங்கே என்பதைத் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும், அவற்றைவிடப் பெரிதாகப் படக்குறியிலும் சொல்ல வேண்டும். இதைக் கணினி முன்னால் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் கூட்டம் வருகிறது அல்லவா, அனுமதி வாங்கி அட்டையில் பலகைகள் செய்து அந்த நாட்களில் வைத்துப் பார்ப்போம். பலகைக்குக் கீழேயே நின்று யாராவது வழி கேட்டால் அதைக் குறித்துக்கொண்டு வந்து திருத்துவோம். விருப்பமுள்ள தம்பி தங்கைகள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் கொடுங்கள். அச்சக நண்பர்கள் அட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.