தண்ணீர் பில்லில் தொகையைக் கடைசியில் பாருங்கள்

[காட்சி: மேசைமேல் ஒரு தண்ணீர் பில். ஒரு விரல் நேராக மொத்தத் தொகைக்குப் போகிறது.]

பில் வந்ததும் எல்லோருடைய கண்ணும் அடியில் இருக்கும் தொகைக்குத்தான் போகும். ஒரு பெருமூச்சு, பிறகு பில் இழுப்பறைக்குள் போய்விடும். இன்று அந்தத் தொகையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு எண்கள்: முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங்.

[திரையில்: 412, 430]

கழித்தால் 18 அலகு. பெரும்பாலும் ஓர் அலகு என்பது ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர். 60 நாளில் 4 பேர் 18,000 லிட்டர் செலவழித்திருந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 75 லிட்டர். அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் வீட்டில் ஆளுக்கு 250, 300 லிட்டர் என்று வந்தால் தண்ணீர் எங்கோ போகிறது.

ரீடிங் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று இருந்தால், மீட்டரை யாரும் வந்து பார்க்கவில்லை, பழைய கணக்கை வைத்து ஊகித்திருக்கிறார்கள் என்று பொருள். நீங்களே மீட்டரைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இப்போது கையை எடுக்கலாம். தொகையில் நிலைக்கட்டணம் ஒரு பகுதி. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் அது குறையாது. மற்றது பயன்பாட்டுக் கட்டணம். பல இடங்களில் இது படிப்படியாக ஏறும்: முதல் சில அலகுகள் மலிவு, அடுத்தவை விலை அதிகம். ஆகவே நீங்கள் மிச்சம் பிடிக்கும் அலகு எப்போதும் உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த அலகுதான். கழிவுநீருக்குத் தனி மீட்டர் பொதுவாகக் கிடையாது. உள்ளே வந்த தண்ணீரை வைத்தே அதையும் கணக்கிடுவார்கள். அப்படியானால் ஒரு லிட்டர் குறைந்தால் தண்ணீர், கழிவுநீர் என இரண்டு கட்டணங்களும் குறையும்.

[காட்சி: மீட்டரின் முகப்பு. சிறிய சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது.]

மிச்சம் பிடிப்பது என்றதும் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது அதிக நேரம் குளிப்பவர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், மூன்று மாதம். கடைசியில் பிடிபட்டது கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். மேல்தொட்டி இருந்தால் அது நிரம்பிய பிறகு பாருங்கள். சக்கரம் அசைந்தால் எங்கோ கசிகிறது. மேல்தொட்டிக்குப் பிறகு வரும் கசிவை மீட்டர் உடனே காட்டாது. இரவில் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, வரத்து வால்வை மூடிவிட்டுக் காலையில் ஒப்பிடுங்கள்.

ஃபிளஷ் தொட்டிக்குச் சோதனை இன்னும் எளிது. அதில் உணவுக்குப் போடும் வண்ணம் சில துளிகள் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக் கூடாது. கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டரைக் கொண்டுபோகக்கூடிய இடம் இது. மாற்ற வேண்டியதோ ஒரு ரப்பர் துண்டு.

சொட்டும் குழாயையும் அலட்சியம் செய்யாதீர்கள். சுமார் 4,000 சொட்டு ஒரு லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு ஏறக்குறைய 8 அலகு.

கசிவை அடைத்த பிறகு பழக்கங்களுக்கு வரலாம். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் இரண்டு நிமிடம் குறைத்தால் 18 லிட்டர். பழைய ஃபிளஷ் தொட்டி ஒரு தடவைக்கு 13 லிட்டர்வரை விடும். இரட்டைப் பொத்தான் உள்ள புதியதில் சிறியதை அழுத்தினால் 3 லிட்டரோடு முடியும். குழாய் முனையில் காற்றுக் கலக்கும் சல்லடை பொருத்துங்கள். துவைக்கும் இயந்திரத்தை நிறைத்தே ஓட்டுங்கள்.

[காட்சி: மீண்டும் மீட்டர். சக்கரம் நின்றிருக்கிறது.]

அடுத்த பில்லுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைய ரீடிங்கைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் இதே நாளில் போய்ப் பாருங்கள்.