கிரேக்க எழுத்துகள் ஊர் ஊராகப் போன கதை

எல்லோருக்கும் வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில் இரவுச் சாப்பாடு. அவருடைய மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவன். சாப்பாட்டுக்கு நடுவில், “நான் ஒரு ஃபிரட்டர்னிட்டியில் சேரலாம்னு இருக்கேன்” என்று சொல்லி மூன்று கிரேக்க எழுத்துகளை உச்சரித்தான். ஃபிரட்டர்னிட்டி என்றால் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகக் கிளை நடத்தும் மாணவர் சங்கம். நண்பர் உடனே கைபேசியில் தேடி, “அடடே, இதில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இருந்திருக்காங்க” என்றார். அவர் மனைவியும் தேடினார். “இதில்தான் ஒரு பையன் குடிக்க வைக்கப்பட்டுச் செத்துப் போயிருக்கான்” என்றார். இரண்டுமே உண்மை. சங்கத்தின் பெயர் ஒன்று, ஆனால் அவர் படித்தது ஓர் ஊர்க் கிளையைப் பற்றி, இவர் படித்தது வேறோர் ஊர்க் கிளையைப் பற்றி. அன்று சாப்பாடு ஆறிப் போனதுதான் மிச்சம். அந்தச் சண்டைக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்கதை இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1776 டிசம்பர் 5. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து ஐந்து மாதம். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் ஊரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஃபை பீட்டா காப்பா என்று பெயர். ஒரு கிரேக்க வாசகத்தின் முதல் எழுத்துகள் அவை. மெய்யறிவின் மீதுள்ள அன்பே வாழ்க்கைப் படகுக்குச் சுக்கான் பிடிக்கிறது என்பது அதன் பொருள். உறுதிமொழி, பதக்கம், ரகசியக் கைகுலுக்கல் எல்லாம் உண்டு. கூடி விவாதம் செய்வார்கள், கட்டுரை படிப்பார்கள்.

அந்த ஊருக்கு எலிஷா பார்மலி என்ற இளைஞர் வருகிறார். வடக்கே யேலில் படித்து, ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர். இவரைச் சங்கத்தில் சேர்க்கிறார்கள். அவர் ஊர் திரும்பும்போது கையில் இரண்டு பட்டயங்களைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பட்டயம் என்றால் சார்ட்டர்: “எங்கள் பெயரில் நீங்களும் நடத்தலாம்” என்ற அனுமதிக் காகிதம். 1780 நவம்பரில் யேலில் கிளை தொடங்கியது. 1781 ஜனவரியில், பிரிட்டிஷ் படை நெருங்கவே, வில்லியம்ஸ்பர்க் தாய்க் கிளை மூடப்பட்டது. கவனியுங்கள், இரண்டே மாத இடைவெளி! வாழை குலை தள்ளிச் சாய்வதற்குள் பக்கக் கன்று விட்டுவிடுவதைப் போல. அதே ஆண்டில் ஹார்வர்டிலும் கிளை வந்தது. பார்மலி சற்றுத் தாமதமாகக் கிளம்பியிருந்தால் இந்தச் சொற்பொழிவுக்கே வேலை இருந்திருக்காது.

கல்லூரிச் சங்கம் என்பது இயல்பிலேயே அற்பாயுசு கொண்டது. நான்கு ஆண்டில் எல்லா உறுப்பினர்களும் வெளியே போய்விடுவார்கள். ஒரு வருடம் ஆள் சேரவில்லை என்றால் ஆட்டம் காணும். ஆனால் வேறோர் ஊரில் ஒரு கிளை உயிரோடிருந்தால், அங்கிருந்து மறுபடி நட்டுக்கொள்ளலாம். தாய்க் கிளையே அப்படித்தான் பின்னர் 19ஆம் நூற்றாண்டில் உயிர்பெற்றது.

ஃபை பீட்டா காப்பா பிற்பாடு ரகசியத்தை விட்டுவிட்டு, நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் ஃபிரட்டர்னிட்டி, சுருக்கமாக ‘ஃபிராட்’, என்று சொல்கிற வகைக்கு ஊற்று நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி. அங்கே 1825இல் காப்பா ஆல்ஃபா, 1827இல் சிக்மா ஃபை, அதே ஆண்டில் டெல்டா ஃபை. அந்தக் காலத்துக் கல்லூரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாடத்தை நெட்டுருப் போட்டு ஒப்பிக்க வேண்டும், காலையில் கட்டாய வழிபாடு, எதற்கெடுத்தாலும் ஆசிரியர் கண்காணிப்பு. பையன்களுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலை தேவைப்பட்டது. சிக்மா ஃபை 1831இல் பக்கத்து ஹாமில்டன் கல்லூரிக்குக் கிளை விட்டது.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஹாமில்டனில் இருந்த இரண்டு இலக்கிய மன்றங்களின் போட்டியைப் பார்த்து அலுத்த சாமுவேல் ஈல்ஸ் என்ற மாணவர், 1832இல் ஆல்ஃபா டெல்டா ஃபை என்று தாமே ஒன்றைத் தொடங்கினார். பிறகு அவர் வக்கீல் தொழில் பார்க்க ஒஹையோவுக்குப் போனார். அங்கே மயாமி பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா டெல்டா ஃபைக்கு ஒரு கிளை முளைத்தது. (மயாமி என்றதும் கடற்கரையை நினைக்காதீர்கள். இது ஒஹையோவில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊர்.) அந்தக் கிளை அங்கே கால் ஊன்றியபின், 1839இல் ஜான் ரெய்லி நாக்ஸ் என்ற மாணவரும் நண்பர்களும் பீட்டா தீட்டா பை என்று சொந்தமாகவே ஒன்று தொடங்கினார்கள். 1848இல் அதே ஊரில் ஃபை டெல்டா தீட்டா.

பாருங்கள், யாரும் திட்டம் போட்டுப் பரப்பவில்லை. ஒரு சங்கம் ஊருக்குள் வருகிறது. சிலரைச் சேர்க்கிறது, பலரை வெளியே நிறுத்துகிறது. வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று ஒன்று தொடங்குகிறார்கள். அதுவும் ஊர் ஊராகப் போகிறது. போன ஊரில் அதுவும் சிலரை வெளியே நிறுத்துகிறது. என் கணக்கில், இந்தச் சங்கங்கள் பரவியதற்கு உள்ளே இருந்தவர்களைவிட வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான் பெரிய காரணம்.

உள்ளே இருந்தவர்கள் சண்டை போட்டுப் பிரிந்ததும் உண்டு. 1855இல் அதே மயாமியில் டெல்டா காப்பா எப்சிலான் கிளையில் 12 பேர். கல்லூரி இலக்கிய மன்றத்துக்குக் ‘கவிஞர்’ பதவிக்குத் தேர்தல். நம் சங்கத்து ஆளுக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று ஆறு பேர். அவனைவிட வெளியாள் நன்றாக எழுதுகிறான், அவனுக்குத்தான் போடுவோம் என்று ஆறு பேர். சமரசம் பேச ஒரு விருந்து. அங்கே வந்த பழைய மாணவர் ஒருவர் இரண்டாவது அணியைத் தண்டிக்க வேண்டும் என்றார். பெஞ்சமின் ரங்கிள் என்ற மாணவர் சங்கப் பதக்கத்தைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு வெளியேறினார். கட்சி உடைவதைப் பற்றி இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆறு பேரும் இன்னொருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் சிக்மா சை. ஒரு கவிஞர் பதவிக்காக இவ்வளவு!

அந்த சிக்மா சைக்கு இன்னொரு விசித்திரம். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் தெற்கத்திக் கல்லூரிகள் காலியாகின, கிளைகள் செத்தன. 1864 செப்டம்பரில், அட்லாண்டா அருகே தென்னகப் படைக்குள்ளேயே அதன் உறுப்பினர்கள் ஒரு கிளை தொடங்கினார்கள். கல்லூரியே இல்லாத கல்லூரிக் கிளை. போர் முடிந்ததும் வர்ஜீனியாவில் அடுத்தடுத்துப் புதியவை வந்தன: 1865இல் ஆல்ஃபா டவ் ஒமேகா, 1869இல் காப்பா சிக்மாவும் சிக்மா நூவும்.

அப்புறம் வேகம் பிடித்தது. கல்லூரி தொடங்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்த 1862 மோரில் சட்டத்தால் மாநிலம்தோறும் பெரிய பல்கலைக்கழகங்கள் வந்தன. மாணவர்கள் குவிந்தார்கள், விடுதிகள் போதவில்லை. சங்கங்கள் வீடு கட்டின. தங்கவும் சாப்பிடவும் இடம் என்றான பிறகு சங்கத்தை அசைக்க முடியுமா? ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கிரேக்க எழுத்துதான் பெயர். 24 எழுத்துகளும் தீர்ந்து போய், ஆல்ஃபா ஆல்ஃபா, ஆல்ஃபா பீட்டா என்று இரட்டை எழுத்தில் கிளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். மிசிசிப்பி மாநிலம் 1912இல் அரசுக் கல்லூரிகளில் இவற்றைச் சட்டம் போட்டே தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1915இல் தடை செல்லும் என்று தீர்ப்பானது. 1926இல் மாநிலமே அதை விலக்கிக்கொண்டது.

இனி, வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் வருவோம். 1870இல் இந்தியானாவில் பெண்கள் காப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார்கள். 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டு வந்த கறுப்பின மாணவர்கள் ஆறு பேர் மறு ஆண்டு திரும்பி வரவில்லை. இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கவில்லை என்றால் இந்தக் கல்லூரியில் நிலைக்க முடியாது என்ற கவலையில் பிறந்த சங்கம் அது. அடுத்த ஆண்டே வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அதன் இரண்டாவது கிளை. 1911இல் லூயிவில் நகரில் படிப்பை முடித்தவர்களுக்கென்று ஒரு கிளை. மற்றவர்களுக்குச் சங்கம் கல்லூரியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். இவர்களுக்கு அது ஆயுள் முழுவதும். மார்ட்டின் லூதர் கிங் 1952இல் பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது சேர்ந்தது இதில்தான். இறந்துபோன உறுப்பினர் ‘ஒமேகா கிளையில் சேர்ந்துவிட்டார்’ என்பார்கள். கடைசி எழுத்தை உயிரோடிருப்பவர்களின் எந்தக் கிளைக்கும் கொடுப்பதில்லை. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த வழக்கம் இது.

ஹோவர்டில் 1908இல் பெண்கள் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். துளசேந்திரபுரத்து வழிவந்த கமலா ஹாரிஸ் 1986இல் சேர்ந்தது அங்கேதான். 1990களில் நம் தெற்காசியப் பிள்ளைகளும் அதே பாதையில் போனார்கள். 1994இல் பிங்கம்டனில் அயோட்டா நூ டெல்டா, 1998இல் டெக்சாஸ் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை.

சரி, நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வருவோம். ஒரு பெயர், பல கிளை. யார் சொல் எடுபடும்? இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை காப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முடிவு செய்தது. தலைமை அந்தக் கிளையையே இடைநீக்கம் செய்தது. பையன்கள் பணியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு தனிச் சங்கமாக நடத்தினார்கள். அங்கே கிளை சரி, தலைமை தப்பு. 2015இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் கிளையினர் பேருந்தில் இனவெறிப் பாட்டுப் பாடிய காணொளி வெளிவந்தது. தலைமை உடனே கிளையை மூடியது.

தலைமையகம் பட்டயம் கொடுக்கும், சந்தா வாங்கும், காப்பீடு பார்க்கும், தேவைப்பட்டால் பட்டயத்தைப் பிடுங்கும். வீடு பெரும்பாலும் பழைய மாணவர்களின் அமைப்பு ஒன்றின் பெயரில் இருக்கும். ஆனால் சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் 20 வயதுப் பையன்கள். ஒரு கிளையை மூடினால் நான்கைந்து ஆண்டு மூடியே வைப்பார்கள். பழைய ஆட்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கிப் போகட்டும் என்று. பிறகு அதே பெயரில் புதுப் பையன்களை வைத்துத் திறப்பார்கள். ஆக, ஒரே ஊரில் ஒரே பெயர் என்றாலும் பத்தாண்டுக்கு முன் இருந்த கிளையும் இன்றைய கிளையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு அம்மா கையைத் தூக்குகிறார். “அப்படின்னா சேரலாமா, வேண்டாமா?”

அம்மா, எந்தச் சங்கம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எந்த ஊர்க் கிளை, எந்த வருடம் என்று கேளுங்கள். அங்கே ஹேசிங் என்பார்கள், நாம் ராகிங் என்போம். அதைப் பற்றி 2024 டிசம்பரில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்திருக்கிறது. எந்தச் சங்கம் ராகிங் விதியை மீறியது, என்ன முடிவாயிற்று என்பதைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும், ஆண்டுக்கு இரு முறையாவது புதுப்பிக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் படிக்கிற பல்கலைக்கழகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சாப்பாடு முடிந்த பிறகு.

நன்றி.