லாகூர் தாங்கிய வருஷம்

(மொரீஷியஸ், ரோஸ் ஹில்லில் ஒரு கோவில் மண்டபத்தில் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கோவிட் காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தேதிகளை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 2020 மார்ச் 18 அன்று நம் நாட்டில் முதல் மூன்று நோயாளிகள் தெரியவந்தார்கள். மார்ச் 20 காலையிலேயே நாடு அடைக்கப்பட்டது. சில நாளில் ஊரடங்கும் வந்தது. ஏப்ரல் 26க்குப் பிறகு உள்ளூரில் தொற்று இல்லை. அந்த முதல் சுற்றில் 10 பேரை இழந்தோம். மே 30 வரை ஊரடங்கு நீடித்தது. அப்புறம் மாதக்கணக்கில் உள்ளூர்ப் பரவல் இல்லாத தீவாக இருந்தோம். 2021 மார்ச்சில் மறுபடி தொற்று வந்து, மார்ச் 10 அன்று இரண்டாம் முறை வீட்டுக்குள் போனோம். நான் பேசப்போவது இந்த இரண்டு மார்ச் மாதங்களுக்கும் நடுவே இருந்த ஒரு வருஷத்தைப் பற்றி. 2021 கடைசியில் வந்த அலை இதைவிட எத்தனையோ மடங்கு கொடியது. இங்கே இருப்பவர்களில் பலர் அதில் சொந்தங்களைப் பறிகொடுத்திருக்கிறீர்கள். அந்தத் துக்கத்தைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

தேதிகள் அரசாங்கக் கோப்புகளில் பத்திரமாக இருக்கும். நான் சொல்ல வந்தது கோப்பில் ஏறாத விஷயம். அந்த வருஷத்தை இந்த நாட்டில் தாங்கி நின்றது நம் லாகூர், அதாவது ஒரே வாசலுக்குள் சொந்தங்கள் சேர்ந்து வாழும் நம் குடும்ப முற்றம். லாகூருக்குள் அதிகம் சுமந்தவர்கள் பெண்கள். அதை இன்னும் நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே அப்பா ஒரு துண்டு நிலம் வாங்கிக் கீழ்வீடு கட்டுவார். பெரிய மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி எழும். சின்னவனுக்குப் பின்பக்கம் ஒரு வீடு. ஒரே வாசல், நடுவில் முற்றம், ஒரு மூலையில் கறிவேப்பிலை, இன்னொரு மூலையில் குலதெய்வத்துக்கு ஒரு சின்ன மாடம். அடுப்புகள் வேறு வேறு. இந்த மொத்த இடத்துக்கும் லாகூர் என்று பெயர். வீட்டில் இந்தத் தீவின் கிரியோல் மொழி பேசுகிற நம் குடும்பங்கள் தமிழர்களாக இருப்பது பெரும்பாலும் இந்த முற்றத்தில்தான்.

எங்கள் லாகூரில் கீழ்வீட்டில் மாமியார், மாடியில் நாங்கள், பின்வீட்டில் கொழுந்தனார் குடும்பம். ஓரமாக இருக்கும் இரண்டு அறையில் நாத்தனாரும் அவர் கணவரும். கொழுந்தனாருக்குக் கிழக்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலை. என் ஓரகத்தி அரசு மருத்துவமனையில் நர்ஸ். என் கணவருக்கு அலுவலக வேலை. நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள்.

மார்ச் 24 முதல் சூப்பர்மார்க்கெட்டும் பேக்கரியும் மூடப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் உகாதி. பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பம் பச்சடிக்குப் புளி இருக்கிறதா என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. காலையில் பேக்கரி ரொட்டி இல்லாமல் விடிந்த நாள் அதற்கு முன் நமக்குப் புயல் சமயத்தில் மட்டும்தான். புயல் என்றால் இரண்டு நாளில் போய்விடும் என்று தெரியும். இது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு மாமியார் ஒரு காரியம் செய்தார். பழைய கார்னே ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தார். சீனர் கடையில் கடன் எழுதி வாங்கிய காலத்து நோட்டு அது. பாதிப் பக்கங்கள் காலி. மூன்று அடுப்புக்கும் உள்ள அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், பால்மாவு எல்லாவற்றையும் கீழ்வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். எடைபோட்டு எழுதினார். அதன் பிறகு யாருக்கு என்ன போனாலும் அந்த நோட்டில் ஏறும். "மேல்வீடு, மாவு அரை கிலோ. பின்வீடு, பால்மாவு ஒரு பாக்கெட். மதில் தாண்டி, புளி ஒரு உருண்டை." மாமியாருக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. எழுத்து கிரியோல். எழுதிய விதத்தில் ஒரு குழப்பமும் இல்லை. அவர் கணக்கில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை. கையிருப்பு கண்ணுக்குத் தெரிந்தால் பயம் குறைந்துவிடுகிறது.

ஏப்ரல் 2 அன்று கடைகள் மறுபடி திறந்தன, குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி. ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும். ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும். ஓ முதல் இசட் வரை புதனும் சனியும். உள்ளே அரை மணி நேரம்தான், முகக்கவசம் கட்டாயம். நம்மவர்கள் பெயரை எண்ணிப் பாருங்கள்: பிள்ளை, ராமசாமி, சுப்பிரமணியன், வீராசாமி. எல்லோரும் புதன்கிழமை வரிசை! வெயிலில் நிற்கும்போது இந்தத் தீவின் தமிழர் பாதிப்பேரை ஒரே இடத்தில் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் பெயர் 'வி'. நாத்தனார் கணவர் பெயர் 'சி'. அதனால் எங்கள் லாகூருக்கு வாரத்தில் நாலு நாள் கிடைத்தது. தனியாக ஒரு ஃபிளாட்டில் இருந்த குடும்பத்துக்கு இரண்டே நாள். புதன்கிழமை கிடைக்காத பால்மாவு வியாழக்கிழமை வந்து சேரும். நாத்தனார் மாப்பிள்ளை வாங்கிவந்த பையைத் திண்ணையில் வைப்பார். சோப்புத் தண்ணீர், துணி, வெயில் எல்லாம் முடிந்துதான் அது நோட்டில் ஏறும்.

சாப்பாடு மட்டும்தான் என்றால் நான் இங்கே வந்து பேசியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடம், கோவில், அலுவலகம், சுடுகாட்டுச் சடங்கு என்று வெளியே இருந்த எல்லாம் அந்தச் சில வாரங்களில் முற்றத்துக்குள் வந்துவிட்டன. பிள்ளைகளுக்கு எம்.பி.சி. தொலைக்காட்சியில் பாடம். ஒரு டிவி, வேறு வேறு வகுப்பில் பிள்ளைகள். நான் என் மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தமிழ் நடத்தினேன். 'ழ' சொல்லி ஒலிப்பதிவு அனுப்பச் சொன்னால், பின்னால் குக்கர் விசில், கோழி, சித்தப்பாவின் இருமல் எல்லாம் சேர்ந்து வரும். ஒரு பையன் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினான். 'ழ'வின் கீழ்ச்சுழியை நாலு தடவை அழித்து எழுதிய தடம் அதில் தெரிந்தது. பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஒரு 'ழ', நடுங்கிய கோடு. யார் எழுதியது என்று கேட்டேன். பாட்டியாம். சின்ன வயதில் கோவில் பள்ளியில் கற்றதாம். அந்த வீட்டில் பாட்டிக்குத் தமிழ் எழுதத் தெரியும் என்பது அதுவரை பேரனுக்குத் தெரியாது. பள்ளியில் இத்தனை வருஷம் நடத்தியும் என்னால் செய்ய முடியாத ஒன்றை அந்த அடைப்பு செய்தது. இதை நான் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

ஏப்ரல் நடுவில் வருஷப்பிறப்பு. கோவில் கதவு சாத்தியிருந்தது. வாழையிலை லாகூரிலேயே இருந்தது. பண்டிகைக்கு இலையில் வைக்கும் ஏழு கறிக்குத்தான் வழியில்லை. மதில்மேல் படர்ந்த ஷூஷூ என்கிற சௌசௌ, பக்கத்து வீட்டு ஜிரோமோன் என்கிற பூசணி, எங்கள் மரத்து முருங்கைக்கீரை, அப்புறம் ரசம். மே கடைசியில் ஈத் வந்தபோது எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பம் சேமியா அனுப்பியது. வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்று கையசைத்தார்கள்.

மே மாதத்தில் மாமியாரின் அண்ணன் காலமானார். கோவிட் இல்லை, வயோதிகம். எங்கள் தரப்பில் மாமியார் ஒருவருக்குத்தான் போக வழி செய்ய முடிந்தது. பதினாறாம் நாள் காரியத்தை ஐயர் போனில் மந்திரம் சொல்ல, முற்றத்தில் செய்தோம். பத்து வீட்டுப் பெண்கள் வந்து சமைத்து, அழுது, மிச்சத்தைப் பங்கிட்டுக் கொண்டுபோக வேண்டிய காரியம் அது. மாமியார் தானே சமைத்தார். யாரையும் அடுப்பங்கரைக்குள் விடவில்லை. அது அவர் அண்ணனுக்குச் செய்த கடைசி மரியாதை.

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். என் ஓரகத்தி மருத்துவமனை வேலை முடிந்து வருவார். முற்றத்துக் குழாயடியில் குளித்துத் துணி மாற்றுவார். தனி அறையில் படுப்பார். கதவுக்கு வெளியே நின்று அவர் பிள்ளைக்குக் கதை சொல்வார். மறுநாள் விடுப்பு என்றால் எழுந்து துணி துவைப்பார், சமைப்பார். கொழுந்தனார் வீட்டிலேயே இருந்தார். எல்லை மூடியதால் ஹோட்டலும் மூடிவிட்டது. அரசாங்கத்தின் ஊதிய உதவித் திட்டத்தால் ஏதோ சம்பளம் வந்தது. ஏப்ரல் 22 அன்று நம் விமான நிறுவனம் ஏர் மொரீஷியஸே பண நெருக்கடியில் வெளி நிர்வாகியின் கைக்குப் போனது என்று செய்தி வந்தபோது அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் மனவேதனை எனக்குப் புரியும். சம்பாதிக்கிற ஆண் வேலையில்லாமல் முற்றத்தில் உட்கார்ந்திருப்பது லேசான விஷயமில்லை. ஆனாலும் நோயாளிகளுக்கு நடுவே நின்றுவிட்டு வந்த பெண்தான் பாத்திரமும் கழுவினாள். நம் வீடுகளில் எத்தனை வீட்டில் இப்படி நடந்தது என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பாருங்கள். லாகூர் நம்மைக் காப்பாற்றியது என்று பெருமை பேசும்போது, யார் முதுகில் ஏறி அது நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது பாதி உண்மை.

ஜூலை 1 பள்ளிகள் திறந்தன. அந்த மாதம் 25ஆம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையோரப் பவளப்பாறையில் தட்டி நின்றது. ஆகஸ்ட் 6 எண்ணெய் கசிந்தது. அப்போது நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அழைப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை. தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மாஹேபூர் கரைக்கு ஜனங்கள் போனார்கள். கரும்புச் சோகையைத் துணியிலும் வலையிலும் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, எண்ணெயைத் தடுக்க நீள நீளமாகத் தைத்தார்கள். எங்கள் முற்றத்திலும் பழைய சேலைகளை மூட்டி ஓரம் தைத்தோம். சோகை கையைக் கிழிக்கும், அதனால் பிள்ளைகளுக்குப் பாட்டில் மூடி திருகும் வேலை. எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்? இரண்டு மாதத்துக்கு மேல் முற்றத்துக்குள் கூடி வேலை செய்து பழகிய கை அது என்று நான் நினைக்கிறேன். மாமியாரின் நோட்டில் அந்த வாரப் பக்கத்தில் மாவும் இல்லை, எண்ணெயும் இல்லை. சேலை, ஊசி, நூல் என்றுதான் இருக்கிறது.

அப்புறம் 2021 ஜனவரி 28, தைப்பூசம். உலகத்தில் பல நாடுகளில் முருகன் கோவில்களில் கூட்டம் கூட முடியவில்லை. நாம் கோர் தெ கார்ட் மலையடியில் காவடி எடுத்தோம். மூச்சு விட்டுப் பேச முடிந்த அந்த நாள் எவ்வளவு பெரிய கொடை என்று அப்போது நமக்குத் தெரிந்தே இருந்தது. இந்தியா அனுப்பிய 1 லட்சம் தடுப்பூசிகள் வந்து சேர்ந்ததும் அதே மாதம்தான். என் ஓரகத்தி முன்களப் பணியாளர் என்பதால் எங்களில் முதலில் போட்டுக்கொண்டவர் அவர்.

மார்ச் 10 இரண்டாம் அடைப்பு. மறுநாள் மகாசிவராத்திரி. கிராண்ட் பசான் புனித ஏரியை நோக்கி நடந்துகொண்டிருந்தவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். கியூர்பிப், வக்வா பக்கம் கட்டுப்பாடு கூடிய சிவப்பு மண்டலம். அன்று சாயங்காலம் ஓரகத்தி மாமியாரின் கார்னேயைக் கேட்டு வாங்கினார். ஒரு புதுப் பக்கத்தில் ஆண்கள் பெயரை மேலே எழுதினார். சமையல், பாத்திரம், துணி, பாட்டிக்கு மாத்திரை, பிள்ளைகளுக்குப் பாடம். "இந்த முறை இப்படி" என்றார், அவ்வளவுதான். கொழுந்தனார் ஒன்றும் பேசாமல் பாத்திரத்துக்குப் போனார். என் கணவர் வைத்த முதல் ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது, எல்லோரும் குடித்தோம். மாமியார் அதையும் எழுதி வைத்தார்: "ரசம், பெரியவன்."

இந்த ரோஸ் ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1866 முதல் 1868 வரை மலேரியா போர்ட் லூயிஸைச் சூறையாடியபோது, தப்பியவர்கள் மேட்டுப் பகுதிக்குக் குடியேறினார்கள். இந்த ஊர்கள் வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. செத்தவர்களின் எண்ணிக்கையை அதிகாரிகள் எழுதினார்கள். அந்த வருஷம் நம் கொள்ளுப்பாட்டிகள் எதைச் சமைத்தார்கள், யார் பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று நம் குடும்பங்களில் ஒரு துண்டுக் காகிதம் உண்டா? எங்கள் குடும்பத்தில் இல்லை. இன்றைக்கு லாகூர்கள் பங்கு பிரிந்து, நடுவில் மதில் எழும்பி, ஃபிளாட்டுகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. பிரிவதைக் குறை சொல்லவில்லை, இளையவர்களுக்குத் தனி இடம் வேண்டும். பிரிவதற்கு முன் எழுதிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் இதே மண்டபத்தில் இருப்பேன். பாட்டியிடமோ அம்மாவிடமோ உட்கார்ந்து கேட்டு, அந்த வருஷத்தை எழுதிக் கொண்டுவாருங்கள். கிரியோலில் இருந்தாலும் சரி, பிரெஞ்சில் இருந்தாலும் சரி, தமிழாக்க நான் உதவுகிறேன். பழைய கார்னே, கடை ரசீது, ஊரடங்கு கால வேலை அனுமதிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பித் தருவேன். யார் என்ன வேலை செய்தார்கள் என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.